அத்தியாயம் 6: ரெடிஸ் கொண்டு கேஷ் அமைப்பது எப்படி?

இணையத்தில் புத்தகம் விற்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். வாசகர் ஒருவர் 1042ஆம் எண் புத்தகத்தின் பக்கத்தைத் திறக்கிறார். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, வாசகர் மதிப்பீட்டின் சராசரி, கீழே ‘இவற்றையும் பார்க்கலாம்’ என்று நாலைந்து நூல்கள். இவ்வளவையும் திரட்ட, பின்னால் இருக்கும் தரவுத்தளம் நான்கு அட்டவணைகளைச் சேர்த்துப் படிக்கிறது, மதிப்பெண்களைக் கூட்டி வகுக்கிறது, வரிசைப்படுத்துகிறது. அடுத்த நொடியே இன்னொருவர் அதே பக்கத்தைத் திறந்தால், அத்தனை வேலையும் மறுபடி முதலிலிருந்து நடக்கிறது. இடையில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

இந்த வீண் உழைப்பைத் தவிர்க்கத்தான் கேஷ். ஒருமுறை திரட்டிய விடையின் நகலை ராமில் வைத்துக்கொண்டு, அடுத்து வருபவர்களுக்கு அதையே எடுத்துக் கொடுக்கிறோம். ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். எஸ்எஸ்டி வட்டில் அதே வேலைக்குச் சுமார் 100 மைக்ரோ நொடி, அதாவது ஆயிரம் மடங்கு. அட்டவணைகளைச் சேர்க்கும் கணக்கு வேலை இதற்கு மேல்.

இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாமே ஒரு விதிக்குள் அடங்கும்: கேஷில் இருப்பது நகல் மட்டுமே. அது எந்த நொடியும் காணாமல் போகலாம். போனால் தளத்தின் வேகம் குறையலாம், தகவல் ஒன்றுகூடக் குறையக்கூடாது.

ஒரு முன்னெச்சரிக்கை. பக்கம் மெதுவாக வருகிறது என்றதும் கேஷைத் தேடி ஓட வேண்டாம். முதலில் குவெரியைப் பாருங்கள். சரியான இன்டெக்ஸ் இல்லாததால் மூன்று நொடி எடுக்கும் குவெரிக்கு மருந்து இன்டெக்ஸ்தான். கேஷ் போட்டால் நோய் மறையும், தீராது. கேஷ் காலியான ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அந்த மூன்று நொடியைக் காத்திருந்தே ஆக வேண்டும்.

ரெடிஸ்: ஒரு சிறு அறிமுகம்

2003இல் லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கிய மெம்கேஷ்டு, கேஷ் வேலைக்கான பழைய, இன்றும் உழைக்கிற கருவி. ரெடிஸ் வந்தது 2009இல். இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த சால்வடோரே சான்ஃபிலிப்போ, இணையதளங்களுக்கு வருவோரை உடனுக்குடன் காட்டும் சேவை ஒன்றை நடத்திவந்தார். வழக்கமான தரவுத்தளம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே எல்லாவற்றையும் ராமிலேயே வைத்து இயங்கும் தரவுத்தளத்தைத் தாமே எழுதினார்.

2024 மார்ச்சில் ரெடிஸின் உரிம விதிகள் மாறின. அதே மாதம் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடையின்கீழ் வால்கி என்ற கிளை பிரிந்தது. 2025இல் வந்த ரெடிஸ் 8ஆம் பதிப்பு மீண்டும் ஒரு திறமூல உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. தொடக்கநிலையில் எதை எடுப்பது என்று குழம்ப வேண்டாம். இங்கே சொல்லும் கட்டளைகள் இரண்டிலும் ஒன்றுபோலவே வேலை செய்யும்.

ரெடிஸ் கட்டளைகளை வரிசையாக, ஒரு நேரத்தில் ஒன்று என்றே நிறைவேற்றும். இதை இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிறுவுதல்

உபுண்டுவில் ஏபிடி வழியாக ‘ரெடிஸ்-சர்வர்’ என்ற தொகுப்பை நிறுவினால் போதும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல்லில் உபுண்டுவை ஏற்றி அதற்குள் நிறுவலாம். பிறகு டெர்மினலில் ‘ரெடிஸ்-சிஎல்ஐ’ என்று தட்டி உள்ளே போய், ‘பிங்’ என்ற கட்டளையைக் கொடுங்கள். ‘பாங்’ என்று பதில் வந்தால் சர்வர் விழித்திருக்கிறது. (கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.)

ரெடிஸ் கேட்கும் போர்ட் எண் 6379. இந்தக் கதவை இணையத்துக்குத் திறந்துவைக்காதீர்கள். கடவுச்சொல் இல்லாத ரெடிஸைத் தேடி இணையம் முழுக்கத் துழாவும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உபுண்டுவின் தொகுப்பு இயல்பாகவே உள் முகவரியான 127.0.0.1இல் மட்டும் கேட்கும். டாக்கரில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். அந்த இமேஜில் பாதுகாப்பு முறை அணைந்திருக்கும். போர்ட்டை வெறுமனே வெளியிட்டால் எல்லா முகவரிகளிலும் திறந்துகொள்ளும். 127.0.0.1ஐச் சேர்த்து எழுதி வெளியிடுங்கள், கடவுச்சொல்லும் வையுங்கள்.

முதல் கட்டளைகள்

ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர், அதாவது கீ. அதற்குரிய மதிப்பு. ரெடிஸின் அடிப்படை இவ்வளவுதான்.

செட் சோதனை "தமிழ்" இஎக்ஸ் 60

‘சோதனை’ என்ற கீயில் ‘தமிழ்’ என்ற சொல்லை வை, 60 நொடியில் அழித்துவிடு என்று பொருள். ‘ஓகே’ என்று பதில் வரும். இனி ‘கெட் சோதனை’ என்று கேளுங்கள். ‘தமிழ்’ வருவதற்குப் பதிலாகச் சாய்கோடுகளும் எண்களுமாக ஒரு நீண்ட சரம் வந்தால் பதற வேண்டாம். தகவல் கெடவில்லை. ஆங்கிலமல்லாத எழுத்துகளை ரெடிஸ்-சிஎல்ஐ இயல்பாக அப்படித்தான் காட்டும். வெளியே வந்து, ‘ரா’ என்ற விருப்பத்தைச் சேர்த்து மறுபடி உள்ளே போனால் தமிழ் தமிழாகவே தெரியும்.

அடுத்து ‘எஸ்டிஆர்லென் சோதனை’. விடை 15. நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஆனால் மெய்ப்புள்ளியும் இகரக் கொக்கியும் கணினிக்குத் தனித்தனி. ஆக ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். தமிழில் உள்ளடக்கம் வைத்திருப்பவர்கள் ராம் கணக்குப் போடும்போது இதை மறக்கக்கூடாது. கீயின் பெயரைச் சின்ன ஆங்கில எழுத்திலேயே வைத்து, மதிப்பில் மட்டும் தமிழை வைத்துக்கொள்வது சிக்கனம்.

இப்போது ‘டிடிஎல் சோதனை’ என்று கேளுங்கள். எத்தனை நொடி மிச்சம் என்று சொல்லும். 60 நொடி கழித்துக் கேட்டால் -2 வரும். அப்படி ஒரு கீயே இல்லை என்று பொருள். -1 வந்தால் கீ இருக்கிறது, காலாவதி நேரம்தான் இல்லை. கேஷ் வேலையில் -1 என்பது எச்சரிக்கை மணி. யாரோ கெடு வைக்க மறந்திருக்கிறார்கள்.

அப்படி மறப்பதற்கு ஒரு வழக்கமான வழி உண்டு. கெடுவுடன் வைத்த கீயின் மீது, பிறகு கெடு இல்லாமல் இன்னொரு செட் கொடுத்தால் பழைய கெடு அழிந்துபோகும். கீ நிரந்தரமாகிவிடும். ஆகவே செட் எழுதும் ஒவ்வோர் இடத்திலும் இஎக்ஸையும் சேர்த்தே எழுதும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கேட்டுப் பார், இல்லையேல் திரட்டு

கேஷைப் பயன்படுத்தும் முறைகள் பல. தொடக்கக்காரர்களுக்கு ஒன்று போதும். புத்தகப் பக்கத்துக்கு அது இப்படி அமையும்:

புத்தகத்தைக்_கொடு(எண்):
  கீ = "புத்தகம்:" + எண்
  நகல் = ரெடிஸ்.கெட்(கீ)
  நகல் இருந்தால் → அதையே திருப்பிக் கொடு
  விடை = தரவுத்தளத்தில்_தேடு(எண்)
  ரெடிஸ்.செட்(கீ, விடை, இஎக்ஸ் 3600)
  விடையைத் திருப்பிக் கொடு

முதலில் வருபவருக்கு மட்டும் தரவுத்தளம் உழைக்கும். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு வருபவர்கள் எல்லாரும் நகலைப் பெறுவார்கள்.

விடையை ரெடிஸில் வைக்க அதைச் சரமாக மாற்ற வேண்டும்; பெரும்பாலும் ஜேசன். இங்கே தமிழுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. பைதானின் ஜேசன் நூலகமும் பிஎச்பியின் ஜேசன் செயலியும், தனியாகச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஆறு எழுத்துள்ள குறியீடாக மாற்றிவிடும். 15 பைட்டில் அடங்கிய ‘தமிழ்’ 30 பைட் ஆகிவிடும். முன்னுரையும் அட்டைக் குறிப்பும் தமிழில் உள்ள ஆயிரக்கணக்கான நூல்களுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். பைதானில் ‘ஆஸ்கியாக மாற்றாதே’ என்ற விருப்பமும் பிஎச்பியில் ‘யூனிகோடை அப்படியே விடு’ என்ற விருப்பமும் இருக்கின்றன. ஒரு வரி மாற்றத்தில் தமிழ்ப் பகுதிக்கான ராம் செலவு பாதியாகும்.

மேலே உள்ள நிரலில் இரண்டு இடங்களை மெருகேற்ற வேண்டும்.

ஒன்று, ரெடிஸ் படுத்துவிட்டால்? அந்த நிரல் பிழை காட்டி நின்றுவிடும். உதவிக்கு வைத்தது தளத்தையே சாய்த்துவிடும். ஆகவே ரெடிஸுடன் பேசும் வரிகளைப் பிழைப்பிடிப்புக்குள் வையுங்கள். காத்திருக்கும் நேரத்தையும் சுருக்கமாக வையுங்கள். பதில் வராவிட்டால் நேராகத் தரவுத்தளத்துக்குப் போகட்டும்.

இரண்டு, இல்லாத எண்ணை யாராவது கேட்டால்? 99999ஆம் எண் புத்தகமே இல்லை என்று வையுங்கள். கேஷில் இருக்காது, தரவுத்தளத்திலும் இருக்காது, எதுவும் சேமிக்கப்படாது. அடுத்து கேட்பவருக்கும் அதே அலைச்சல். தேடுபொறிகளின் துழாவிகள் பழைய இணைப்புகளை விடாமல் தட்டும்போது இது பெரிய சுமை. ‘இல்லை’ என்ற விடையையே 60 நொடிக்கு கேஷில் வைத்துவிடுங்கள்.

எதற்கு எவ்வளவு கெடு?

தொடக்கக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கெடு வைப்பார்கள். அப்படி வேண்டாம். ஒவ்வொரு தகவலையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது எவ்வளவு நேரம் பழையதாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை?

தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணிக்கை ஆகியவை அபூர்வமாக மாறுபவை. ஒரு நாள்கூட இருக்கலாம். அதிகம் விற்கும் நூல்களின் பட்டியல் பத்து நிமிடம் பழையதானால் யாரும் கவனிக்கப் போவதில்லை. மதிப்பீட்டின் சராசரிக்கு ஒரு மணி நேரம். கையிருப்பு எண்ணிக்கையைப் பக்கத்தில் காட்டுவதற்கு 30 நொடி வைக்கலாம். ஆனால் பணம் கட்டும் கட்டத்தில் கேஷை எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. அங்கே தரவுத்தளம் சொல்வதே செல்லும். விலையும் அப்படித்தான்: பக்கத்தில் பழைய விலை தெரிந்தால் ஒரு மன்னிப்பு, பில்லில் பழைய விலை வந்தால் நட்டம்.

ஆளுக்கு ஆள் மாறும் பக்கங்களில் கூடுதல் விழிப்பு வேண்டும். ‘என் ஆர்டர்கள்’ பக்கத்தை ‘ஆர்டர்கள்’ என்ற பொதுக் கீயில் வைத்தால், ஒருவருடைய முகவரி இன்னொருவர் திரையில் வந்து நிற்கும். கீயில் பயனர் எண் கட்டாயம் இருக்க வேண்டும்: ‘ஆர்டர்கள்:பயனர்:77’. விடை எதைப் பொறுத்தெல்லாம் மாறுமோ, அதெல்லாம் கீயின் பெயரில் இருக்க வேண்டும் – மொழி, பக்க எண், வரிசை முறை உட்பட.

மூலம் மாறினால் நகலை அழி

ஆசிரியர் பெயரில் எழுத்துப்பிழை, அலுவலகத்தில் திருத்திவிட்டார்கள். கேஷில் பழைய பெயர் இன்னும் ஒரு நாள் இருக்கும். கெடு முடியும்வரை காத்திருக்க முடியாதபோது, திருத்தும் நிரலே நகலையும் அழித்துவிட வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் தரவுத்தளத்தில் மாற்றம் உறுதியாகட்டும். பிறகு ‘டெல் புத்தகம்:1042’. வரிசையைத் திருப்பிப் போட்டு, நகலை முதலில் அழித்தால், தரவுத்தளம் மாறுவதற்குள் யாரோ ஒருவர் பக்கத்தைத் திறப்பார். பழைய தகவல் மறுபடி கேஷில் ஏறி உட்கார்ந்துவிடும்.

‘அழிப்பானேன், புதிய மதிப்பையே செட் செய்துவிடலாமே’ என்று தோன்றும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் திருத்தும்போது வம்பு. தரவுத்தளத்தில் கடைசியாகப் பதிந்தது இரண்டாமவர் திருத்தம். ஆனால் முதலாமவரின் செட் சற்றுத் தாமதித்து ரெடிஸுக்கு வந்துசேர்ந்தால், கேஷில் நிற்பது அவருடைய பழைய மதிப்பு. அழிப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு முறை அழித்தாலும் விடை ஒன்றே.

இவ்வளவு செய்தும் ஒரு சிறு இடைவெளி மிஞ்சும். ஒருவர் பழைய தகவலைத் தரவுத்தளத்திலிருந்து படித்துவிட்டு, கேஷில் எழுதுமுன் ஒரு கணம் தாமதிக்கிறார். அதற்குள் திருத்தமும் அழிப்பும் முடிந்துவிடுகின்றன. பிறகு அவர் பழையதை எழுதுகிறார். அபூர்வம், ஆனால் நடக்கும். அந்தத் தவற்றின் ஆயுளைக் கட்டுப்படுத்துவது கெடு ஒன்றுதான். அழிக்கும் நிரல் பிழையில்லாமல் இருக்கிறது என்று நம்பிக் கெடுவை எடுத்துவிடாதீர்கள்.

ராம் நிரம்பினால்

64 பிட் கணினியில் ரெடிஸுக்கு இயல்பாக ராம் வரம்பு கிடையாது. கணினியின் ராம் முழுவதையும் தின்றுவிட்டு, கடைசியில் இயங்குதளத்தால் கொல்லப்படும். அமைப்புக் கோப்பில் ‘மேக்ஸ்மெமரி’ என்ற வரியில் வரம்பைக் குறிப்பிடுங்கள். தொடக்கத்தில் 256 எம்பி போதும்.

வரம்பு மட்டும் போதாது. வரம்பைத் தொட்டால் என்ன செய்வது என்பதையும் ‘மேக்ஸ்மெமரி-பாலிசி’ வரியில் சொல்ல வேண்டும். இயல்பான அமைப்பு ‘நோஎவிக்‌ஷன்’, அதாவது எதையும் வெளியேற்றாதே. அப்போது புதிதாக எழுத முயலும் கட்டளைகளுக்குப் பிழைதான் பதிலாக வரும். கேஷுக்கு இது பொருந்தாது. ‘ஆல்கீஸ்-எல்ஆர்யூ’ என்று மாற்றுங்கள். நெடுநேரமாக யாரும் தொடாதவை முதலில் வெளியேறும். ரெடிஸ் இதற்காக எல்லாக் கீகளையும் வரிசைப்படுத்துவதில்லை. ஒவ்வொரு தடவையும் சிலவற்றை, இயல்பாக ஐந்தை, மாதிரிக்கு எடுத்து அவற்றில் பழையதை அகற்றும். தோராயம்தான், ஆனால் கேஷுக்குத் தாராளமாகப் போதும்.

எல்லாம் ஒன்றாகக் காலாவதியானால்

விழாக்காலத் தள்ளுபடிக்கு முன்பாக ஆயிரம் நூல்களின் நகலை ஒரே நேரத்தில் கேஷில் ஏற்றி, எல்லாவற்றுக்கும் 3600 நொடி கொடுத்தால், சரியாக ஒரு மணி நேரம் கழித்து ஆயிரமும் ஒன்றாக மறையும். தரவுத்தளம் திணறும். கெடுவுடன் 0 முதல் 300 வரை ஏதேனும் ஓர் எண்ணைக் குலுக்கிச் சேர்த்துவிடுங்கள். அழிவு பரவலாகும்.

ஒரே கீயை ஆயிரம் பேர் கேட்கும் முகப்புப் பக்கத்துக்கு வேறு வைத்தியம். நகல் இல்லை என்று கண்டவர், திரட்டுமுன் ஒரு பூட்டைப் போட முயல வேண்டும்:

செட் பூட்டு:முகப்பு 1 என்எக்ஸ் இஎக்ஸ் 10

‘என்எக்ஸ்’ என்றால் அந்தக் கீ ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் வை. ஒருவருக்குத்தான் ‘ஓகே’ கிடைக்கும், அவர் திரட்டட்டும். மற்றவர்கள் சற்றுப் பொறுத்து மறுபடி கேஷைப் பார்க்கட்டும். பூட்டு போட்டவர் பாதியில் விழுந்தாலும் 10 நொடியில் அது தானே திறந்துகொள்ளும்.

தவிர்க்க வேண்டியவை

ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் ‘கீஸ் *’ கட்டளையைக் கொடுக்காதீர்கள். ரெடிஸ் ஒரு நேரத்தில் ஒரு கட்டளை என்று சொன்னோமே. எல்லாக் கீகளையும் அது எண்ணி முடிக்கும்வரை மற்றவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள். ‘ஸ்கேன்’ கட்டளை சிறிது சிறிதாகக் கொடுக்கும், அதையே பயன்படுத்துங்கள்.

ஒரு பக்கத்துக்கு 50 முறை தனித்தனியாக கெட் கேட்காதீர்கள். ரெடிஸ் வேகமானது, இடையிலுள்ள நெட்வொர்க் அப்படியல்ல. ‘எம்கெட்’ என்று ஒரே தடவையில் 50 கீகளையும் கேட்கலாம்.

கேஷுக்கும் நிரந்தரத் தகவலுக்கும் ஒரே ரெடிஸை வைக்காதீர்கள். ஆல்கீஸ்-எல்ஆர்யூவுக்கு எது நகல், எது மூலம் என்று தெரியாது. கண்ணில் பட்டதை வெளியே தள்ளிவிடும்.

பலன் தருகிறதா?

‘இன்ஃபோ ஸ்டாட்ஸ்’ என்று கேட்டால் நீண்ட பட்டியல் வரும். அதில் மூன்று எண்களைப் பாருங்கள். ‘கீஸ்பேஸ் ஹிட்ஸ்’ என்பது கேட்டுக் கிடைத்தவை, ‘கீஸ்பேஸ் மிஸ்ஸஸ்’ என்பது கேட்டும் கிடைக்காதவை. கிடைத்தது 9,000, கிடைக்காதது 1,000 என்றால் பத்தில் ஒன்பது பேர் தரவுத்தளத்தைத் தொடவில்லை, நல்ல பலன். பாதிக்கு மேல் கிடைக்கவில்லை என்றால், கெடு மிகக் குறைவாக இருக்கலாம், கீயின் பெயரில் தேவையில்லாத ஒன்று சேர்ந்திருக்கலாம், அல்லது அந்தத் தகவலை யாருமே இரண்டாம் முறை கேட்பதில்லை. மூன்றாவது காரணம் என்றால் கேஷை எடுத்துவிடுங்கள். மூன்றாவது எண், ‘எவிக்டட் கீஸ்’. இது விறுவிறுவென ஏறினால் ராம் வரம்பு போதவில்லை.

பயிற்சி

உங்கள் சோதனைத் தளத்தில் பத்து நிமிடம் உலவுங்கள். பிறகு ‘ஃப்ளஷ்ஆல்’ கொடுத்து கேஷ் முழுவதையும் அழியுங்கள். சோதனைத் தளத்தில் மட்டும். மறுபடி உலவுங்கள். அடுத்து ரெடிஸையே நிறுத்திவிட்டு உலவுங்கள். இரண்டு தடவையும் பக்கங்கள் மெதுவாக, ஆனால் சரியாக வந்தால் நீங்கள் அமைத்திருப்பது கேஷ். எங்கேனும் பிழை வந்தாலோ, ஒரு தகவல் திரும்பவே வராமல் போனாலோ, நீங்கள் அமைத்திருப்பது இன்னொரு தரவுத்தளம்; அதுவும் பாதுகாப்பில்லாதது. அதைச் சரிசெய்த பிறகு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.